இரண்டு பாய்

இடுப்பு வலியைச் சொல்ல கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையத்தில் யாரும் வெட்கப்படுவதில்லை. காலை டீக்கு நிற்கிறவர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: எந்த மூட்டையைத் தூக்கும்போது பிடித்தது, யார் சுளுக்கு வழித்தார், எந்த மாத்திரை கேட்டது, ஊசி போட்டால் எத்தனை நாள் தாங்குகிறது. மக்காச்சோள மூட்டை, கரும்புக் கட்டு, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது, காலையிலிருந்து மாலைவரை நிமிராமல் களையெடுப்பது என்று முதுகை வளைத்தே சம்பாதிக்கிற பக்கம் இது. மாடு கன்றைப் பற்றிப் பேசுவது போலத்தான் இங்கே இடுப்பைப் பற்றியும் பேசுகிறார்கள்.

அந்தப் பேச்சு ஓர் இடத்தில் நின்றுவிடும். ராத்திரி வீட்டில் என்ன ஆகிறது என்பது டீக்கடை பெஞ்சுக்கு வருவதில்லை.

ஒருவர் அதைக் கேட்டார். நாற்பது வயதுக்குள் இருப்பார். சோள லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். பேரும் தெருவும் வேண்டாம். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, இடுப்பு வலின்னா மனுசன் இப்படி மாறிடுவானா? எதுக்கெடுத்தாலும் கோவம் வருது. வூட்ல சரியா பேசறதே இல்ல. ரெண்டு பேருக்கும் ரெண்டு பாய் ஆயிடுச்சு. டிஸ்க் தேஞ்சிருக்குன்னு படம் எடுத்துச் சொல்லிட்டாங்க. இனிமே அதெல்லாம் வச்சிக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொல்றாரு. நெசமா?"

நான் மருத்துவர் இல்லை. உடம்பைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்து, மற்றவர்களுக்குப் புரியும்படி சொல்வது என் வேலை. அவரிடம் சொன்னதையும் அன்று சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்காமல் போகிறவர்கள் இந்தத் தாலுகாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் அந்த டிஸ்க். ஸ்கேன் படத்தில் 'தேய்மானம்', 'விலகல்' என்று எழுதியிருந்தால், முதுகு ஒடியப்போகிற கழி என்று மனதில் பதிந்துவிடுகிறது. 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு டிஸ்க் பிதுங்கியோ விலகியோ இருந்தது. அவர்கள் வலி தெரியாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2015-இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, வலியில்லாத நாற்பது வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். தலைமுடி நரைப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும். படத்தில் இருப்பது எல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது.

"அப்ப வலி பொய்யாண்ணே?"

இல்லை தம்பி. வலி நிஜம். மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். 2020-இல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள் என்பது ஒரு பெரிய ஆய்வின் கணக்கு. மனிதர்களை வேலை செய்ய முடியாமல் முடக்கும் காரணங்களில் இதற்குத்தான் முதலிடம். இவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு 'இந்த எலும்பு, இந்த நரம்பு' என்று விரல் வைத்துக் காட்டும்படி ஒரே ஒரு காரணம் கிடைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. காரணம் கிடைக்கவில்லை என்பதால் வலி குறைந்துவிடாது. ஆனால் எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பது மாறிவிடுகிறது.

கோபத்துக்கு வருவோம். அவர் கேட்டதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

வலி அடிபட்ட இடத்தில் மட்டும் உண்டாவதில்லை. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது என்று எழுதினார்கள். ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பிலிருந்து வருகிற சேதி அந்த மதகு வழியாகத்தான் மூளைக்குப் போக வேண்டும். மதகை எவ்வளவு திறப்பது என்பதில் மூளைக்கும் பங்கு உண்டு. நிம்மதியாக, வேறு வேலையில் மனம் ஊன்றி இருக்கும்போது மதகு இறங்குகிறது. பயம், கவலை, தூக்கமின்மை, வட்டிக்காரர் வாசலில் நிற்பது எல்லாம் மதகைத் தூக்கிவிடும். அதே மூட்டை, அதே முதுகு, ஆனால் வேறு அளவு வலி. அந்தக் கருத்தின் நுணுக்கங்கள் பிற்பாடு எவ்வளவோ திருத்தப்பட்டன. மூளை மேலிருந்து வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்ற அடிப்படை மட்டும் நின்றுவிட்டது.

அடுத்தது இன்னும் ஆழமானது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வானியா அப்காரியன் என்பவரின் குழு, புதிதாக முதுகு வலி வந்தவர்களை ஒரு வருடம் தொடர்ந்து, அவர்களுடைய மூளையைப் படம் எடுத்துப் பார்த்தது. ஆய்வு 2013-இல் வெளியானது. வலி புதிதாக இருந்தபோது, அடிபட்டால் வேலை செய்யும் மூளைப் பகுதிகள் வேலை செய்தன. வலி தீராமல் நின்றுவிட்டவர்களுக்கு நாளடைவில் அது பயம், துக்கம், கோபம் ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளுக்கு நகர்ந்துவிட்டது. நாள்பட்ட வலிக்காரர் சிடுசிடுவென்று இருப்பதற்கு அவருடைய குணக்கேடு காரணம் என்று ஊர் சொல்லும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வலி குடியிருக்கிற வீடும் கோபம் குடியிருக்கிற வீடும் ஒன்றாகிவிட்டன. குழந்தை சத்தம் போட்டால் சுரீரென்று வருவது, தெருவில் சிரிப்பவர்கள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றுவது, கல்யாண வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் போவது, 'நான் இந்த வீட்டுக்குப் பாரம்' என்ற நினைப்பு, எல்லாம் அங்கேயிருந்து வருகின்றன.

இடையில் தூக்கம் வேறு கெடுகிறது. புரண்டு படுத்தால் வலி எழுப்புகிறது. தூங்காத உடம்புக்கு மறுநாள் வலி கூடுதலாகத் தெரிகிறது. கூடுதல் வலி அடுத்த ராத்திரியைக் கெடுக்கிறது. இந்தச் சுழலில் ஆறு மாதம் சுற்றினால் எவ்வளவு சாந்தமான மனிதரும் சோர்ந்துபோவார். மனச்சோர்வு வந்த பிறகு ஆசை முதலில் போகிறது. சாப்பாட்டின் ருசி, திருவிழா ஆசை, தொடும் ஆசை எல்லாம் ஒன்றாகவே மங்குகின்றன.

இரண்டு பாய் இப்படித்தான் விழுகிறது. ஒரு ராத்திரி கணவர் நெருங்கும்போது இடுப்பில் மின்னல் மாதிரி வெட்டியிருக்கும், நின்றுவிடுவார். அடுத்த முறை வெட்டுமோ என்ற பயம் முன்னாலேயே வந்துவிடும். பயந்த உடம்பில் ரத்தம் ஓட வேண்டிய இடத்துக்கு ஓடாது, விறைப்பு நிற்காது. அது அவமானமாகப் படும். அவமானப்பட்டவர் தவிர்க்க ஆரம்பிப்பார். தள்ளிப் படுப்பார், வேலை இருக்கிறது என்பார், திண்ணைக்குப் போவார். உள்ளே படுத்திருக்கிற மனைவி என்ன நினைப்பார்? 'என்னைப் பிடிக்காமல் போய்விட்டது', சில வீடுகளில் 'வேறு எங்கேயோ சகவாசம்'. மனைவி முகம் திருப்பிக்கொண்டால், கணவர் 'வலிக்காரனை யாருக்குப் பிடிக்கும்' என்று நினைத்துக்கொள்வார். இரண்டு பேருமே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளவில்லை. நான் பார்த்தவரையில், வலி செய்த சேதத்தைவிட இப்படிக் கேட்காமல் விட்டது செய்த சேதம் பெரிது.

இதன் நடுவில் பேருந்து நிலையச் சுவர்கள் இருக்கின்றன. 'நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, இடுப்பு வலி' மூன்றையும் ஒரே வரியில் எழுதி, மாதத்தில் எந்தக் கிழமை எந்த லாட்ஜில் வைத்தியர் இருப்பார் என்று சொல்லும் சுவரொட்டிகள். மூன்றையும் ஒரு கயிற்றில் கோத்தது தற்செயல் அல்ல. விந்து வெளியேறினால் உடம்பின் சத்தே வெளியேறுகிறது, அதனால்தான் இடுப்பு வலிக்கிறது என்ற நம்பிக்கை நம் நாட்டில் பழையது. 1960-இல் என். என். விக் என்ற மனநல மருத்துவர் அதற்கு 'தாது நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். இந்த நம்பிக்கையில் பயந்துபோன ஆண்கள் இடுப்பு வலி, களைப்பு, மனக்கலக்கம் என்று வருவார்கள். உடம்பில் கோளாறு ஏதும் இருக்காது. பயம்தான் நோயாக இருக்கும். விந்து எச்சில் போல உடம்பு தினமும் சுரப்பது. அது போவதால் முதுகெலும்பு தேயாது, நரம்பு தளராது. என்னிடம் கேட்டவருக்கு 'இனிமே அதெல்லாம் கூடாது' என்று சொன்னவர் இந்த நம்பிக்கையிலிருந்துதான் சொல்லியிருப்பார். சாதாரண முதுகு வலிக்காரருக்குத் தாம்பத்யம் ஆபத்து இல்லை. பாலுணர்வு எழும்போது உடம்பு வலியைத் தாங்கும் அளவு உயர்கிறது என்பதைப் பெண்களிடம் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1985-இல் பெவர்லி விப்பிள், பாரி கோமிசரக் இருவரும் எழுதிய கட்டுரை அது.

நம் ஊரில் இதையெல்லாம் வெளிச்சத்தில் பேசலாம் என்று காட்டியவர் ஒருவர் இருந்தார். மனநல மருத்துவர் மாத்ருபூதம், விஜய் டிவியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் சிரித்த முகத்தோடு, ஒரு பெரியப்பா பேசுவது போலப் பேசினார். அவர் 2004-இல் போய்விட்டார். அந்த இடத்தில் இன்று லாட்ஜ் சுவரொட்டிகளும் போனில் வரும் லேகிய விளம்பரங்களும் நிற்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதுவரை ஆண் பக்கம்தான் பேசினேன். டீக்கடைக்கு வருகிறவர்கள் ஆண்கள். ஆனால் இந்த ஊர்ப்பக்கம் நாளெல்லாம் குனிந்து நிற்கிறவர்கள் பெண்கள். களையெடுப்பு, பருத்தி எடுப்பு, நூறு நாள் வேலை, தண்ணீர்க் குடம், அதற்குமேல் அடுப்பு. கல்வராயன் மலைமேல் என்றால் விறகுச் சுமையும் சேர்ந்துகொள்ளும். ராத்திரி பாயில் சாயும்போது உடம்பில் எது வலிக்கவில்லை என்று தேடவேண்டிய நிலை. அந்த நேரத்தில் அவள் 'வேண்டாம்' என்றால் அது அன்பின் குறை அல்ல. வலியோடு இணங்கிப்போகும் பெண்ணுக்கு பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகும், ஈரப்பசை வராது, புணர்ச்சியே வலியாகும். அடுத்த முறை அந்த வலி ஞாபகம் வந்து உடம்பு இன்னும் இறுகும். 'கொஞ்சம் பொறுத்துக்கோ' என்று மூத்தவர்கள் சொல்கிற புத்திமதி இங்கே நோயை வளர்க்கிறது.

பெண்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, "ஆபரேசனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அன்னையிலேருந்துதான்." குழந்தை பெற்ற பிறகு முதுகு வலி வருவது மிகவும் சாதாரணம், ஊசி போட்டவர்களுக்கும் வருகிறது, போடாதவர்களுக்கும் வருகிறது. இங்கிலாந்தில் பிரசவ வலி குறைக்க முதுகில் ஊசி போட்ட பெண்களையும் வேறு முறையில் வலி குறைத்த பெண்களையும் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து, இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்துப் பார்த்தார்கள். முதுகு வலியில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2002-இல் வெளிவந்த ஆய்வு. நாள்பட்ட வலிக்கு அந்த ஊசிமேல் பழி போட ஆதாரம் இல்லை. பேறுகாலத்தில் நெகிழ்ந்த தசைகள், இடுப்பில் குழந்தை, ஓய்வில்லாமல் திரும்பிய வேலை, இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, "வெள்ளைப்படுது, அதான் இடுப்பு கழண்டுபோவுது." இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். விக்ரம் படேல் குழுவினர் கோவாவில் ஏறக்குறைய 2,500 பெண்களிடம் செய்த ஆய்வு 2005-இல் வந்தது. வெள்ளைப்படுதல் என்று சொன்ன பெண்களிடம் தொற்றுநோயைவிட மனக்கலக்கமும் உடம்பு வலிகளும்தான் அதிகம் சேர்ந்து காணப்பட்டன. நாற்றமோ, அரிப்போ, நிறமாற்றமோ இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும், சிகிச்சை எளிது. ஆனால் 'எனக்கு வாழ்க்கை கசக்கிறது' என்று சொல்ல வழியில்லாத பெண் 'இடுப்பு கழண்டுபோகிறது' என்கிறாள். அதைக் கேட்டு ஒரு டானிக் பாட்டிலைக் கொடுத்து அனுப்புவது அவளைக் கேட்காமல் விட்டதற்குச் சமம்.

வலிக்குக் குடிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "உடம்பு வலி தாங்கல, அதான் கொஞ்சம்" என்பது மூட்டை தூக்குகிறவர்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம். சாராயம் தூங்கவைப்பது போலத் தெரியும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும், மறுநாள் வலியையும் மனச்சோர்வையும் கூட்டும், விறைப்பைக் குறைக்கும். அந்த வாடையோடு வருகிறவரிடமிருந்து மனைவி விலகுவது வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. செத்தவர்களில் பலர் கூலி வேலைக்காரர்கள். ஒவ்வொருவரும் ஏன் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உழைத்து நொந்த உடம்புக்கு மருந்து கிடைக்காத இடத்தில் பாக்கெட் சாராயம் சுலபமாகக் கிடைத்தது என்பது இந்த மாவட்டத்துக்கே தெரியும்.

மாத்திரைகளிலும் ஒரு விஷயம் இருக்கிறது. டிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சில நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் கடையில் வாங்கித் தின்றால் குடலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். டிரமடால் போன்றவை, நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், இவை சிலருக்கு ஆசையையோ விறைப்பையோ உச்சத்தையோ குறைக்கும். எந்தச் சீட்டிலும் இதை எழுதித் தருவதில்லை. குறைந்தது தன் ஆண்மை என்று நினைத்து ஒருவர் லேகியத்துக்குக் காசைக் கொட்டிக்கொண்டிருப்பார். குறைத்தது மாத்திரையாக இருக்கும். தானாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தர வழி உண்டு.

"சரிண்ணே, அப்ப என்னதான் பண்றது?" என்றார் தம்பி. இரண்டாவது டீ வந்திருந்தது.

நடை. பெரிய சிகிச்சை போலத் தோன்றாது, அதனால்தான் யாரும் மதிப்பதில்லை. 2024-இல் ஆஸ்திரேலியாவில் முதுகு வலி வந்து தேறிய 701 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நடைப்பயிற்சியும் வலியைப் பற்றிய விளக்கமும் கொடுத்தார்கள். நடக்காதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் வலி திரும்பிவிட்டது, நடந்தவர்களில் பாதிப் பேருக்குத் திரும்ப 208 நாள் ஆனது. வாரம் ஐந்து நாள், அரைமணி வரை மெல்ல ஏற்றிக்கொண்டுபோன சாதாரண நடை. "நாள் பூரா நடக்கறேனே" என்று அவர் சொன்னார். சுமையோடு நடப்பது வேறு, கையை வீசிக்கொண்டு வெறும் உடம்பாக நடப்பது வேறு. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஏரிக்கரைவரை நடந்தால், ரொம்ப நாளாகப் பேசாத இருவருக்கு முகம் பார்க்காமல் பேச ஒரு வாய்ப்பும் கிடைக்கும்.

பெல்ட் கட்டுவது, எடை தொங்கவிட்டு இழுப்பது இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. படுக்கையிலேயே கிடப்பதும் உதவாது. வெறுந்தரையில்தான் படுக்க வேண்டும் என்பதும் தேவையில்லாத தண்டனை. ஸ்பெயினில் 2003-இல் 313 பேரிடம் சோதித்தபோது, மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே நல்ல குணம் தெரிந்தது. மெத்தை வாங்க முடியாவிட்டால் பாயின்மேல் பழைய ஜமுக்காளத்தை இரண்டு மடிப்பாகப் போடலாம்.

அவர் கேட்க நினைத்தும் கேட்காத கேள்விக்கு வருகிறேன். எப்படி?

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடாலி சிடோர்கெவிச், ஸ்டூவர்ட் மெக்கில் இருவரும் பத்துத் தம்பதிகளை வைத்து, புணர்ச்சியின்போது முதுகெலும்பு எவ்வளவு வளைகிறது என்று கருவிகளால் அளந்தார்கள். 2014-இல் வந்த ஆய்வு. அதுவரை மருத்துவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லிவந்தார்கள்: ஒருக்களித்துப் படுங்கள். ஆய்வு அது எல்லோருக்கும் பொருந்தாது என்று காட்டியது. குனிந்தால், ரொம்ப நேரம் உட்கார்ந்தால் வலி கூடுகிற ஆணுக்கு, ஒருக்களித்து முன்னால் சுருண்டு படுப்பது வலியைக் கூட்டலாம். மனைவி கை முழங்கால் ஊன்றியிருக்க, அவர் முதுகை நிமிர்த்தி வைத்துக்கொள்வது அவருக்குச் சுலபம். நிமிர்ந்து பின்னால் சாய்ந்தால் வலி கூடுகிறவருக்கு அதற்கு நேர்மாறு. இரண்டு பேருக்கும் பொதுவான ஒன்று: அசைவு இடுப்புப் பொருத்திலும் முழங்காலிலும் இருக்கட்டும், முதுகெலும்பு அசையாமல் இருக்கட்டும். வலி பெண்ணுக்கு என்றால், மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணையோ சுருட்டிய புடவையோ, நடு இடுப்புக்குக் கீழே ஒரு மடித்த துண்டோ வைத்துப் பார்க்கலாம். எது ஒத்துவருகிறது என்று இருவரும் சேர்ந்து, அவசரமில்லாமல் கண்டுபிடிக்க வேண்டியதுதான். எதில் வலிக்கிறதோ அந்த இடத்திலேயே "வலிக்குது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நேரத்தையும் மாற்றலாம். எல்லா வேலையும் முடிந்து, பிள்ளைகள் தூங்கி, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி ஆன பிறகு மிச்சமிருக்கும் கால்மணியைத்தான் நம் வீடுகள் இதற்கு ஒதுக்குகின்றன. வலிக்காரருக்கு அது நாளின் மிக மோசமான நேரம். ஒரே அறை, பிள்ளைகள் பக்கத்தில், மாமனார் திண்ணையில் என்றால் வேறு நேரம் தேடுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன, வேலை இல்லாத ஒரு நாள் காலை. வெந்நீர் ஊற்றிக் குளித்து உடம்பு தளர்ந்த பிறகு. கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ தோட்ட வேலைக்குப் போய், எப்போதாவது கல்வராயன் மலைக்குத் திரும்புகிறவர்கள் வந்த அன்று ராத்திரியே என்று நினைக்காமல், பயணக் களைப்பு போகட்டும் என்று விடலாம்.

எல்லாம் புணர்ச்சியில்தான் முடிய வேண்டும் என்றும் இல்லை. பாய்கள் பிரிந்து ரொம்ப நாள் ஆன வீட்டில் முதல் வேலை பாய்களைச் சேர்ப்பது. இன்றைக்கு வேறு எதுவும் இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, இடுப்பில் எண்ணெய் தேய்த்துவிடுவது, கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவது, இவற்றில் தொடங்கலாம். தொட்டால் அடுத்தது நடந்தே ஆக வேண்டும் என்ற பயத்தினால்தான் பலர் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. தாங்குவதும் அளவோடு இருக்கட்டும். ஜெர்மனியில் ஹெர்ட்டா ஃப்ளோர் செய்த ஆய்வில், எப்போதும் 'ஐயோ பாவம், நீ எழுந்திருக்காதே' என்று தாங்குகிற துணை பக்கத்தில் இருந்தபோது, வலிக்காரரின் மூளை முதுகு வலிக்கு இன்னும் பலமாக எதிர்வினை காட்டியது. வலி வந்தால் மட்டும் அன்பு கிடைக்கும் வீட்டில் வலி போகாது. குடத்தையும் சிலிண்டரையும் கணவர் தூக்கட்டும், மூட்டைக்குப் போகும் நாளில் மனைவி வெந்நீர் வைக்கட்டும். ஆனால் நடந்த நாளில், சிரித்த நாளில்தான் அதிகமாகக் கவனியுங்கள்.

யாருக்கு இதெல்லாம் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது இன்னும் இருக்கிறது, மாத்திரையில் குணமாகும். இரண்டு தொடைக்கும் நடுவே உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, காலில் திடீரென்று வலு குறைவது, இவற்றில் எது வந்தாலும், கூடவே விறைப்பும் உணர்ச்சியும் போனாலும், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கள்ளக்குறிச்சி பக்கம் சிறுவங்கூரில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் 104 அல்லது 14416-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்; தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

"டாக்டர்கிட்ட இதெல்லாம் எப்படிண்ணே சொல்றது? பின்னாடி அம்பது பேரு நிக்கறாங்க. நர்ஸம்மா வேற இருக்காங்க."

உண்மைதான். வெளிநோயாளி வரிசையில் ஒருவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். மருத்துவரும் தானாக இதைக் கேட்பதில்லை. அதனால் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போகச் சொன்னேன். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். டீக்கடைக்காரரிடம் வாங்கிய தாளில் எழுதியது இவ்வளவுதான்: 'இடுப்பு வலி ஒரு வருடத்துக்கும் மேல். ராத்திரி மூன்று மணிக்கு மேல் தூக்கம் இல்லை. கோபம் அதிகம், எதிலும் பிடிப்பு இல்லை. வலி பயத்தில் மனைவியோடு சேர முடியவில்லை. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை இத்துடன் உள்ளது. இவற்றால் இப்படி ஆகுமா? என்ன பயிற்சி செய்யலாம்? மனைவியும் வெளியே இருக்கிறார், கூப்பிட்டால் வருவார்.'

கடைசி வரியைப் படித்துவிட்டு, அதை மட்டும் இன்னும் வீட்டில் கேட்கவில்லையே என்றார். போய்க் கேட்டுவிட்டு, நாளைக்குக் காலையில் இரண்டு பேருமாகப் பேருந்து ஏறச் சொன்னேன்.